அம்மாவை அழைத்து வரும் முன் குளியலறைக் கதவைத் திருப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும்போதுதான், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ சென்னைக்கும் கோவைக்கும் அழைத்துக்கொள்ளும் பேச்சு பல வீடுகளில் எழுகிறது. இருவரில் ஒருவர் தவறிப்போயிருப்பார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "இங்க தனியா என்ன பண்ணப் போறீங்க, கெளம்புங்கம்மா" என்று காரில் ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகளின் பாசத்தில் குறையில்லை. ஆனால் அவர் வந்து இறங்கப்போகும் வீட்டில் எதுவுமே தயாராக இருக்காது. முதியோருக்கு வீடு தேடிச் சென்று இயன்முறை சிகிச்சை அளிக்கும் பணியில் இருப்பதால், புது வீட்டுக்கு வந்த சில வாரங்களில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவற்றில் பல, ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் ஒரு நாள் வேலை பார்த்திருந்தால் நடந்திருக்காது. ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: வீடு தயாரான பிறகு ஆளை அழைத்து வாருங்கள். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆனாலும் ஆகட்டும். அதுவரை உறவினர் யாராவது ஊரில் போய்த் துணைக்கு இருக்கட்டும்.

அவர் ஊரில் இருக்கும்போதே மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். முதலாவது, நாற்காலியில் பாதம் முழுவதும் தரையில் படும்படி உட்கார்ந்திருக்கையில், தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரம். இரண்டாவது, அதே நிலையில் முழங்கையை மடக்கி வைத்தால் தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரம். மூன்றாவது, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தரையிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை உள்ள உயரம். முதல் அளவை வைத்துக் கழிவறை இருக்கை, கட்டில், நாற்காலி மூன்றின் உயரத்தையும் முடிவு செய்யலாம். இரண்டாவது, கழிவறைக் கைப்பிடியை எங்கே பொருத்துவது என்று சொல்லும். மூன்றாவது கைத்தடியின் உயரம். வெளியில் நடக்கும்போது போடும் செருப்போடு நிற்க வைத்து அதை அளக்க வேண்டும். அப்பா வைத்திருந்த தடியையே அம்மாவும் ஊன்றிக்கொண்டு நடப்பதைப் பல வீடுகளில் காணலாம். அந்தத் தடி அம்மாவுக்கு உயரமாக இருக்கும். தோளைத் தூக்கிக்கொண்டு நடப்பார், தடி உதவியாக இருப்பதற்குப் பதில் தடுமாற்றத்தைத் தரும்.

குளியலறைக்கு வருகிறேன். நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் உள்பக்கமாகத் திறக்கும். இடமோ குறுகலானது. உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டியே கிடப்பார். வெளியிலிருந்து தள்ளினால் கதவு அவர் உடம்பின் மேலேயே இடிக்கும். கதவை உடைக்கவும் முடியாது. தச்சரை அழைத்துக் கீலை மாற்றி, கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி செய்யுங்கள். வெளியே நடைபாதையில் இடமில்லையென்றால் மடக்கும் பி.வி.சி. கதவோ, பக்கவாட்டில் நகரும் கதவோ போடலாம். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் பூட்டு ஒன்றைப் பொருத்துங்கள். "கதவைத் தாழ்ப்பாள் போடாதீங்கம்மா" என்று சொல்லிப் பயனில்லை. மருமகனும் பேரப் பிள்ளைகளும் நடமாடும் வீட்டில் ஒரு பெண்மணி தாழ்ப்பாள் போடாமல் குளிக்க மாட்டார், அப்படிக் கேட்பதும் முறையல்ல.

அடுத்தது கைப்பிடிக் கம்பி. துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆள் பாரத்துக்கு அது சுவரோடு பெயர்ந்து வரும். உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கைப்பிடிகளும் வேண்டாம். ஈரத்திலும் டைல்ஸ் இடுக்கிலும் அவற்றின் பிடி தளரும். எப்போது தளர்ந்தது என்பதே நமக்குத் தெரியாது. ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஸ்டீல் கம்பி, சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். அதைவிட இடைவெளி அதிகமானால் வழுக்கும்போது கை முழுவதும் உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்ளும்.

கம்பியைவிட முக்கியமானது சுவர். துளை போடும்போது வரும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். துளைக்குள் செருகும் வழக்கமான ரால் பிளக்கும் நீள ஸ்குரூவும் தாங்கும். அழுத்தாமலே டிரில் உள்ளே இறங்கி, மாவு போல வெளிறிய தூள் கொட்டினால் அது ஏ.ஏ.சி. பிளாக் எனப்படும் இலேசான சிமென்ட் கல். புதிய குடியிருப்புகள் பலவற்றில் இதுதான் சுவர். எடை குறைவு, ஆனால் உள்ளே காற்றுப் புரைகள் நிறைந்தது. சாதாரண பிளக் அதில் முதல் வாரம் உறுதியாக இருப்பது போலத் தோன்றும். ஆட்டி ஆட்டிப் பிடிக்கையில் துளை பெரிதாகி ஒரு நாள் கையோடு வந்துவிடும். அதற்கென்றே உள்ள நீள நைலான் பிளக் அல்லது ரசாயனப் பசை ஊற்றி இறுக்கும் ஆங்கர் கேளுங்கள். அதையும்விடப் பலமானது, சுவரை மறுபக்கம் வரை துளைத்து, பின்னால் ஓர் இரும்புத் தகடு வைத்து போல்ட்டை முடுக்குவது. சமையலறைப் பக்கம் அல்லது படுக்கையறைப் பக்கம் தகடு தெரியும், தெரியட்டும். பொருத்திய மறுநாள் வீட்டிலேயே எடை கூடிய ஆள் அதில் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று இடங்களில் கம்பி வேண்டும்: நுழையும் இடத்தில் நெட்டுக்குத்தாக ஒன்று, கழிவறை இருக்கையின் பக்கச் சுவரில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. பக்கவாதம் வந்தவராக இருந்தால் பலமுள்ள கையின் பக்கம் வர வேண்டும். வீட்டுக்காரரின் வசதிக்கு எந்தச் சுவர் காலியாக இருக்கிறதோ அதில் அடித்துவிடக் கூடாது.

கழிவறை இருக்கை உயரமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஐந்தரை அடி உயரமுள்ள, மூட்டுவலிக்காரரான அப்பாவுக்கு அது சரி. முழங்கால் மடிப்பு உயரத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருந்தால் எழுவது எளிது. மேலே வைக்கும் கூடுதல் இருக்கையோ, துளையுள்ள கமோடு நாற்காலியோ அந்த உயரத்தைக் கொடுத்துவிடும். ஆனால் நாலே முக்கால் அடி உயரமுள்ள நம் பாட்டிமார் பலருக்கு 16 அங்குல இருக்கையிலேயே குதிகால் தரையில் படாது. கால் தொங்கினால் முக்க முடியாது, மலச்சிக்கல் வரும். இறங்கும்போது முன்னால் சாய்ந்து விழுவார்கள். அவர்களுக்குப் பாதத்தின் கீழ் அகலமான, நகராத பலகை வேண்டும். ஆயுள் முழுவதும் குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்கு வெஸ்டர்ன் கழிவறை முதலில் ஒத்துவராது என்பதையும் நினைவில் வையுங்கள். வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்; சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். பீச்சுக் குழாயை அழுத்தத் தெரியாமல் உடையெல்லாம் நனைந்து, ஈரத் தரையில் வழுக்குவதும் உண்டு. எட்டும் தூரத்தில் ஒரு சிறு வாளியும் பிடி வைத்த மக்கும் இருக்கட்டும். நல்லது கெட்டதுக்கு இரண்டொரு நாள் தங்க வரும்போதே இதையெல்லாம் பழக்கிவிடுவது உத்தமம்.

குளிக்க உயரமான ஸ்டூல் தேவை. கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தில் கால் விரிந்து சரியும். அகலக் கால்களும் அடியில் ரப்பர் குமிழும் உள்ள ஸ்டூலை, இரண்டு சுவர் சேரும் மூலையில் ஒட்டிப் போடுங்கள். தண்ணீர் வாளி தரையில் இருந்தால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிய வேண்டும். வாளியையும் ஒரு முக்காலி மேல் ஏற்றிவிடுங்கள். ஹீட்டரின் சூட்டைக் குறைத்து வைத்து, வெந்நீர்க் குழாயில் சிவப்பு நாடா சுற்றுங்கள். ஒரே கைப்பிடியை இடமும் வலமும் திருப்பும் குழாய்கள், செம்புத் தவலையில் வெந்நீர் வைத்து விளாவிக் குளித்தவர்களைத் திணறடிக்கின்றன. குளியலறைத் தரை வெளித் தரையைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருக்கும். அந்த விளிம்பில் மஞ்சள் நாடா ஒட்டினால் கண்புரை உள்ளவர்களுக்கும் படி தெரியும்.

படுக்கையறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுக் கட்டில் வாங்காதீர்கள். ஊரில் படுத்த கட்டிலையே லாரியில் ஏற்றுங்கள். அங்கே எந்தப் பக்கம் இறங்குவாரோ அதே பக்கம் இங்கேயும் இறங்கும்படி போட வேண்டும். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுபவருக்குக் கால்தான் வழிகாட்டும். முப்பது வருடமாக வலப்பக்கம் இறங்கியவர் புது இடத்திலும் வலப்பக்கமே இறங்கப் பார்ப்பார், அங்கே சுவர் இருக்கும். கட்டிலிலிருந்து பார்த்தால் கழிவறை வாசல் தெரிய வேண்டும், அங்கே ஒரு சிறு விளக்கு விடிய விடிய எரிய வேண்டும். மிதியடி, சார்ஜர் வயர், மடிப்பு விழும் பாய் எதுவும் அந்த வழியில் கூடாது. எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை கிறுகிறுக்கவில்லை என்று தெரிந்த பிறகு நிற்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தள்ளாடுவார்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரையை இரவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரியவருக்காகவே வேறு வீடு பார்க்கிறவர்கள் தரைத்தளம்தான் வேண்டும் என்று தேடுகிறார்கள். சென்னையில் அதை யோசித்துச் செய்ய வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. நடக்க முடியாதவரை இடுப்பளவு தண்ணீரில் வெளியேற்றுவது எவ்வளவு கொடுமை என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஜெனரேட்டரில் ஓடும் லிஃப்ட் இருந்தால் தரைத்தளத்தைவிட முதல் மாடியே நல்லது. லிஃப்டுக்குள் சக்கர நாற்காலியும் தள்ளுபவரும் சேர்ந்து நிற்க முடிகிறதா, 108 ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் நுழையுமா, நுழையாவிட்டால் படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

இனி ஊர் வீட்டைக் காலி செய்வது. இதில் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, சனி ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடப் பார்ப்பது. பெரியவரை வாசல் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் போடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்த வேலை வேண்டாம். எதை எடுப்பது, எதை யாருக்குக் கொடுப்பது என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும். நினைவுகள் அதிகம் ஒட்டாத தட்டுமுட்டுச் சாமானில் தொடங்கி, புகைப்படங்களையும் மறைந்தவரின் துணிமணிகளையும் கடைசிக்கு வையுங்கள். அஞ்சறைப்பெட்டி, காமாட்சி விளக்கு, அவர் கையில் பழகிய அரிவாள்மணை, தலையணை இவை கட்டாயம் வர வேண்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் ஒன்பதாவது மாடிக்கு வராது. தங்கை வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்தால், இன்னார் வீட்டில் அரைபடுகிறது என்ற நிறைவாவது அவருக்கு இருக்கும். அப்புறம், எதையும் உதறிப் பார்க்காமல் வீசாதீர்கள். அரிசிப் பானைக்குள், பட்டுப் புடவை மடிப்பில், பஞ்சாங்கத்தின் நடுவில், சாமி படத்துக்குப் பின்னால் என்று பணமும் நகைச் சீட்டும் இருக்கும். யாரிடம் கைமாற்று வாங்கினார், யாருக்குக் கொடுத்திருக்கிறார், எந்தச் சீட்டுக்கு இன்னும் கட்டுகிறார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மளிகைக் கடைப் பாக்கி நாற்பது ரூபாயாக இருந்தாலும் அவர் கையாலேயே கொடுக்க விடுங்கள். ஊரில் கடன் வைத்துவிட்டுப் போனார் என்ற பேச்சைப் பெரியவர்கள் தாங்க மாட்டார்கள்.

டிரங்குப் பெட்டியில் உள்ள காகிதங்களை லாரியில் ஏற்றக் கூடாது. கையோடு வர வேண்டும். மூலப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா, வீட்டு வரி ரசீதுகள், ஓய்வூதிய ஆணை, வங்கிப் பாஸ்புத்தகம், வைப்புத்தொகை ரசீதுகள், லாக்கர் சாவி, இறப்புச் சான்றிதழ் பிரதிகள், ஸ்கேன் எக்ஸ்ரே அறிக்கைகள். இவற்றில் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இன்னும் வாங்கவில்லையென்றால் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அப்பாவின் ஓய்வூதியம் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியமாக மாற இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுச் சான்றிதழையும் கேட்கலாம். பிறகு அதற்காகவே திரும்பத் திரும்ப ஊருக்கு ஓட வேண்டியிருக்கும்.

முகவரி மாற்றத்தில் ஒரு வரிசை உண்டு. ஆதாரை முதலில் மாற்றினால் மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வரும். பெரியவர் பேரில் புது வீட்டுக்கு எந்த ரசீதும் இருக்காது என்பதால் பலர் இங்கேயே தேங்கிவிடுகிறார்கள். 2023 முதல் குடும்பத் தலைவர் வழியாக மாற்றும் வசதி இருக்கிறது: மகன் அல்லது மகளின் ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவைக் காட்டும் ஆவணத்துடன் பெரியவர் பேரில் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; அந்த மகனோ மகளோ 30 நாட்களுக்குள் தன் பக்கம் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் தர மறந்தால் விண்ணப்பம் ரத்தாகிவிடும், கட்டணமும் திரும்ப வராது. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. எரிவாயு இணைப்பை ஊர் ஏஜென்சியில் ஒப்படைத்து, சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கொடுத்து முன்வைப்புத் தொகையைத் திரும்பப் பெறலாம். தனிக் குடித்தனமாகவே புது ஊருக்குப் போகிறவர், ஒப்படைக்கும்போது ஏஜென்சி தரும் வவுச்சரைக் காட்டி அங்கே இணைப்பு வாங்கலாம்.

ரேஷன் அட்டையில் மட்டும் அவசரம் வேண்டாம். பெரியவர் பெயரை மகன் அட்டையில் சேர்த்தால் அவருடைய தனி அட்டை போய்விடும். அந்த அட்டையை வைத்து வந்துகொண்டிருந்த முதியோர் உதவித்தொகையும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீடும் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு செய்யுங்கள். மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் பொருள் வாங்க முடியும் என்பதால் சில மாதம் தள்ளிப்போடுவதில் நஷ்டமில்லை. உதவித்தொகை வாங்குகிறவர்கள் இடம் மாறுவதைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லை என்று கள ஆய்வில் எழுதிவிட்டால் தொகை நின்றுவிடும், மீட்பது பெரும்பாடு.

வங்கிக் கணக்கை மூடாதீர்கள். கிளையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஓய்வூதியம் ஒரு தடவை ஒழுங்காக வரவான பிறகு மற்ற மாற்றங்களைச் செய்யலாம். எல்லாவற்றையும்விட, அவருடைய பழைய பட்டன் போனில் இருக்கும் சிம் கார்டைப் பத்திரமாக வைத்து ரீசார்ஜ் செய்துவாருங்கள். வங்கி, ஆதார், எரிவாயு எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். "இனி என் போன்லயே பேசிக்கலாம்" என்று அதை மூன்று மாதம் அணைத்துவைத்தால் எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றுக்கு ஊருக்குப் போக வேண்டியதில்லை. தபால்காரர் வீட்டுக்கே வந்து மின்னணுச் சான்று எடுத்துத் தருவார். கட்டணம் 70 ரூபாய். கைரேகை தேய்ந்தவர்களுக்கு முகப்பதிவு முறையும் உண்டு.

மருந்து விஷயத்தில் ஒரு மாதக் கையிருப்போடு கிளம்புங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். புது மருத்துவருக்கு மருந்தின் பெயர் தெரிய அட்டை வேண்டும். இன்சுலின் ஐஸ் கட்டியில் படக் கூடாது, உறைந்துபோனால் அது வீண். ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தால், கிளம்பும் முன் அந்தத் தன்னார்வலரிடம் சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டு, புது இடத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். ரயிலில் வருவதானால் பெரியவருக்குத் தனி டிக்கெட் எடுங்கள். 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்களுக்கு உள்ள கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, தனியாகவோ இருவராகவோ பயணிக்கும்போதுதான் கிடைக்கும். குடும்பத்தோடு ஒரே டிக்கெட்டில் போட்டால் மேல்படுக்கை விழுந்து, வண்டியில் ஏறி எல்லாரிடமும் கெஞ்ச வேண்டும்.

வந்து சேர்ந்த பிறகு முதல் சில வாரங்களில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நன்றாக இருந்தவர் திடீரென்று இரவு பகல் தெரியாமல் பேசுகிறார், இல்லாதவரை அழைக்கிறார், அல்லது பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால், "இடம் மாறினதுல மனசு சரியில்ல" என்று இருந்துவிடாதீர்கள். ஓரிரு நாட்களில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் உடல் காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, கட்டிப்போன மலம், நுரையீரல் தொற்று, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரை. முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டி ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். கேன் தண்ணீரின் ருசி பிடிக்காமல் குறைவாகக் குடிப்பதும், கழிவறைக்கு அடிக்கடி போகப் பயந்து தண்ணீரைத் தவிர்ப்பதும் இந்தத் தொல்லைக்கு வழி வைக்கின்றன. காய்ச்சி ஆறவைத்த சீரகத் தண்ணீர், மோர், ரசம் என்று அவருக்குப் பழகியதாகக் கொடுங்கள். சிறுநீரகமோ இதயமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவில்.

மகன் அலுவலகத்திலிருந்து ஒன்பதரைக்கு வந்த பிறகுதான் இரவுச் சாப்பாடு என்பதும் அவருக்குப் பொருந்தாது. ஊரில் ஏழு மணிக்குச் சாப்பிட்டவருக்கு இங்கேயும் ஏழு மணிக்கே தட்டு வைக்க வேண்டும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் என்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. "நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது மரியாதையாகத் தோன்றும், ஆனால் அவரை அது விருந்தாளியாக்கிவிடும். கீரை ஆய்வதோ, தயிர் உறை ஊற்றுவதோ, மாலை விளக்கேற்றுவதோ, ஏதாவது ஒன்று முழுக்க அவர் பொறுப்பில் இருக்கட்டும். அதில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அண்ணன் தம்பி அக்காள் தங்கை என்று மாதம் ஒரு வீடாக முறை வைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்குள் நியாயம் பிரிக்க வசதியான ஏற்பாடு இது, பெரியவருக்கோ ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை புது வீடு. ஒரு வீட்டின் ஸ்விட்ச் போர்டு கைக்குப் பழகும் முன்பே அடுத்த வீடு. மறதி நோய் தொடங்கியவர்களுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். அவர் ஒரே இடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் முறை வைத்து அங்கே வந்து போகட்டும், செலவைப் பங்கு போடட்டும். தவிர்க்கவே முடியாது என்றால் ஒரு வீட்டில் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் அதே உயரத்தில் கட்டில், அதே மாதிரிக் கைப்பிடி, ஒரே மருந்துச் சீட்டு, ஒரே மருத்துவர் இருக்க வேண்டும்.

ஊர் வீட்டை ஓராண்டுக்காவது விற்காதீர்கள். கதவைப் பூட்டுவது அவர் கையாக இருக்கட்டும், சாவியும் அவர் முந்தானையிலேயே இருக்கட்டும். ஈ.பி. மெயினை அணைத்து, கிணற்றுக்கு வலை போட்டு, மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் சொல்லிவைத்தால் வீடு நிற்கும். புது வீடு ஒத்துவரவில்லையென்றால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்ற தெம்பிலேயே பலர் புது வீட்டில் நிலைகொள்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னால் அழைத்துப் போங்கள்.

இந்தக் காலத்தில்தான் சொத்தை எழுதி வாங்கும் பேச்சும் வரும். துக்கத்திலும் இட மாற்றத்திலும் இருப்பவரிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள். பெரியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு: தான செட்டில்மென்ட் பதிவு செய்துவிட்டால் சொத்து அன்றே கைமாறிவிடும், உயில் என்றால் கடைசி மூச்சு வரை மாற்றி எழுதலாம், இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்தால், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-வது பிரிவு, பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. ஆனால் நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு பெரியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தளர்த்திப் படித்தது என்றாலும், எழுதியிருந்தால் வாதமே இல்லை. மனு கோட்டாட்சியரிடம், வழக்கறிஞர் தேவையில்லை. எந்தத் தொல்லைக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக, வீடு கட்டி விற்பவர்களுக்கும் வீட்டு வசதி வாரியத்துக்கும் ஒரு கோரிக்கை. குளியலறையில் கைப்பிடி வரக்கூடிய இடங்களில் மட்டும் ஏ.ஏ.சி. பிளாக்குக்குப் பதில் கெட்டிக் கல் வைத்துக் கட்டுங்கள். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படியும், வாக்கர் நுழைய இரண்டே முக்கால் அடி அகலத்துக்கும் போடுங்கள். பளபளப்பு இல்லாத, சொரசொரப்பான டைல்ஸைத் தரைக்குப் பதியுங்கள். கட்டும்போது செய்தால் இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். குடிவந்த பிறகு இடித்துச் செய்வதுதான் செலவு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கைப்பிடிக்காகச் சுவரில் துளை போட அனுமதி கேட்டால், வீட்டு உரிமையாளர்கள் மறுக்காமல் சம்மதிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முதியோர் இயன்முறை சிகிச்சைப் பணியில் உள்ள வாசகர்,
தாம்பரம்.